கமக்கட்டுக் கட்டியும் இரண்டு வரி அறிக்கையும்: வடக்கின் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், குடாநாட்டின் அரச, தனியார் வைத்தியசாலைகளில் கதிர்ப்படப் பிரிவுகளை நடத்தும் மருத்துவ நிபுணர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர்,

நான் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்லள். ஆயினும் என் உடம்பில் வந்த ஒரு கட்டியின் பின்னால் நான்கு மாதம் அலைந்ததாலும், அலைந்த காலத்தில் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை என்னைப் பார்த்த நிபுணர்களிடமே சரிபார்த்துக்கொண்டதாலும், இதனை எழுதும் துணிவு எனக்கு உண்டு. கமக்கட்டில் கட்டியோடு வரும் ஒருவரை அல்ட்ரா சவுண்ட் ஸ்கானுக்கு அனுப்பும் துண்டில் எவை எழுதப்பட வேண்டும், ஸ்கான் அறிக்கை எவற்றைச் சொல்ல வேண்டும், அறிக்கைக்குப் பின் தேவைப்பட்டால் ஊசியால் இழையம் எடுக்கும் வேலை (பயொப்சி) எவ்வளவு விரைவில், எந்த முறையில் நடக்க வேண்டும் என்பவற்றைக் குடாநாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்காக வகுத்துத் தாருங்கள் என்பதே என் கோரிக்கை. புதிய இயந்திரம் எதையும் நான் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை கிணற்றடியில் தோயும்போது இடது கமக்கட்டில் புளியங்கொட்டை அளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாதது நல்லது என்று எங்கள் ஊரில் எல்லோரும் எண்ணுவதுபோல நானும் எண்ணி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு ஒரு மாதத்தைப் போக்கினேன். உயிரியல் படிப்பித்தவள் செய்யக்கூடிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம்; அந்தக் கேள்வியை என் மகள் ஏற்கெனவே வேண்டிய அளவு கேட்டுவிட்டாள். கட்டி பாக்களவுக்கு வந்தபின், தனியார் நிலையம் ஒன்றில் ஒரு வைத்தியரைச் சனல் பண்ணிப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் எழுதிய துண்டொன்றைத் தந்தார்: இடது, கமக்கட்டு, கட்டி. அந்தத் துண்டோடு ஸ்கான் அறைக்குள் போய் வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அறிக்கை இரண்டு வரி. பெருத்த நிணநீர்க்கணுக்கள் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) உள்ளன என்பது ஒரு வரி. நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்பது மற்றது.

பொருத்திப் பார்க்க எவரும் இருக்கவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு சுற்று தரப்பட்டது. பின்னர் இன்னொரு சுற்று. கனடாவிலிருக்கும் என் பெறாமகன், “பெரியம்மா, பேசாமல் எம்.ஆர்.ஐ. எடுங்கோ, காசை நான் அனுப்புறன்” என்றான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது எங்கள் ஊரில் நல்லூர்க் கந்தனுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. நல்லவேளையாக நான் அதற்குப் போகுமுன் வேறோர் இடத்தில் ஒரு நிபுணரைக் காண நேர்ந்தது. அவர் ஸ்கான் இயந்திரத்தைத் தொடுமுன் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். கையில் காயம் பட்டதா, அண்மையில் தடுப்பூசி போட்டதா, போட்டது எந்தக் கையில், வீட்டில் பூனை உண்டா, மூட்டுகள் வீங்குமா, இரவில் வியர்க்கிறதா, உடம்பு மெலிந்ததா, குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “ரீச்சர், உங்கட வீட்டில ஆருக்கும் காசநோய் வந்ததோ?” என்றார். வந்தது. என் மாமி அந்த நோய்க்கு மருந்து எடுத்தவர். அவரைக் கடைசிவரை பார்த்தவள் நான். அதை அதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கமக்கட்டுக்கும் மாமியின் இருமலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று அவர் இரண்டு கமக்கட்டுகளையும், இரண்டு மார்பகங்களையும், கழுத்தையும் பார்த்தார். அடுத்த வாரம் மமோகிராம் என்ற மார்பகக் கதிர்ப்படம் எடுத்து மார்பகத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்தபின் ஊசியால் இழையம் எடுக்கப்பட்டது. நிணநீர்க்கணுக் காசநோய் என்று முடிவு வந்தது. ஆறு மாதம் மருந்து எடுத்தேன். இப்போது கமக்கட்டில் தடவினால் ஒன்றும் அகப்படுவதில்லை.

இதை நான் ஒருவருடைய குற்றமாக எழுதவில்லை. முதலில் ஸ்கான் செய்தவர் பொய் எழுதவில்லை; கணுக்கள் பெருத்துத்தான் இருந்தன. அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி மூன்று சொல். அவர் கொடுத்த விடை இரண்டு வரி. பரீட்சைத் தாள் திருத்தி வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வினா மோசமாக இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளையும் சொதப்பும்.

கமக்கட்டு என்ற அந்தச் சிறு குழிக்குள் எத்தனை பொருள் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்தால், மூன்று சொல் ஏன் போதாது என்பது விளங்கும். தோலும் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் மேலே. கொழுப்பும், கைக்குப் போகும் பெரிய நாடியும் நாளமும் நரம்புக் கொத்தும் உள்ளே. இவற்றினிடையே பொதுவாக 20 முதல் 30 வரையான நிணநீர்க்கணுக்கள். மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரில் ஏறத்தாழ முக்காற்பங்கு இங்கேதான் வந்து சேர்கிறது; கையிலிருந்தும் தோளிலிருந்தும் முதுகின் மேற்பகுதியிலிருந்தும் வருவதும் இங்கேதான். ஆகவே பனை மட்டைக் கருக்கு கீறிய கையும், மீன் முள் ஏறிப் பழுத்த விரலும், பூனை பிறாண்டிய முழங்கையும் கமக்கட்டில் நெறி கட்ட வைக்கும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பரவும் உண்ணிக் காய்ச்சலில், பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருமையான பொருக்கு ஒன்று உண்டாகும். அது பெரும்பாலும் கமக்கட்டு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில்தான் இருக்கும், அதன் அருகிலுள்ள கணுக்களும் வீங்கும். கையைத் தூக்கச் சொல்லி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாலே பிடிபடக்கூடிய நோய் அது. அதற்கு எந்தப் படமும் வேண்டியதில்லை.

கணுவே அல்லாத கட்டிகளும் இங்கே உண்டு. கொழுப்புக் கட்டி, தோலடி நீர்க்கட்டி, சவரம் செய்த இடத்தில் மயிர் உள்வளர்ந்து வரும் சீழ்க்கட்டி, ஆறி ஆறித் திரும்பத் திரும்ப வரும் மயிர்க்கால் அழற்சி ஆகியவற்றைப் பெரும்பாலான வைத்தியர்கள் கையால் தடவியே ஊகித்துவிடுவார்கள். ஆனால் பெண்களில் நூற்றுக்கு 2 முதல் 6 பேர்வரைக்குக் கமக்கட்டில் மேலதிக மார்பக இழையம் இருக்கிறது என்பதை எங்கள் பெண்களுக்கு எவரும் சொல்வதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குப் பிரசவமாகி மூன்றாம் நாள் இரண்டு கமக்கட்டும் எலுமிச்சங்காய் அளவில் வீங்கின. புற்றுநோய் என்று பயந்து இரண்டு நாள் குழந்தைக்குப் பாலே கொடுக்கவில்லை. பால் கட்டியது அங்கேயிருந்த மார்பக இழையத்தில்தான். அதற்குக் காம்பு இல்லாததால் பால் வெளியேற வழியில்லை, சில நாட்களில் தானே வற்றிவிடும் என்று ஸ்கான் செய்தவர் விளக்கியபின்தான் அவள் அழுகையை நிறுத்தினாள். மார்பகத்தில் வரக்கூடிய எந்த நோயும், அரிதாகப் புற்றுநோய்கூட, அந்த மேலதிக இழையத்திலும் வரலாம் என்பதால் அதையும் வெறுமனே கொழுப்பு என்று தள்ளிவிட முடியாது.

கைக்குழந்தைகளின் கதை வேறு. எமது நாட்டில் பிறந்தவுடன் இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. ஏற்றப்படுகிறது, சில குழந்தைகளுக்கு வாரங்களோ மாதங்களோ கழித்து அதே பக்கக் கமக்கட்டில் ஒரு கணு பெருக்கும். பெரும்பாலும் அது தானாக அடங்கிவிடும். கொரோனாத் தடுப்பூசி போட்ட காலத்திலும் இதுவே நடந்தது: ஊசி போட்ட கையின் பக்கத்துக் கணுக்கள் வீங்கியதை மமோகிராமில் கண்டு உலகெங்கும் பலர் பதறினார்கள், அதன் பின்னரே எந்தக் கையில், எந்தத் திகதியில் ஊசி போடப்பட்டது என்பதை ஸ்கான் துண்டில் குறிக்கும் வழக்கம் பல நாடுகளில் வந்தது. நான் கேட்பது அந்த வழக்கத்தைக் கொஞ்சம் விரித்து எடுப்பதைத்தான்.

அதாவது, கமக்கட்டுக் கட்டிக்கென்று அச்சிட்ட ஒரு பக்கத் துண்டு இருக்கட்டும். கட்டி எப்போது தெரிந்தது, வளர்கிறதா, நோகிறதா, ஒரு பக்கமா இரு பக்கமா, அந்தக் கையிலோ தோளிலோ முதுகிலோ காயம், புண், மச்சத்தில் மாற்றம் உண்டா, தடுப்பூசித் திகதி, காசநோய் உள்ளவரோடு வாழ்ந்தாரா, காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், மூட்டுவாதம், கர்ப்பம், பாலூட்டல், முன்னர் புற்றுநோய் இருந்ததா, குடும்பத்தில் இருந்ததா. இவற்றுக்குச் சரி, பிழை என்று அடையாளமிட இரண்டு நிமிடம் போதும். வைத்தியருக்கு அந்த இரண்டு நிமிடமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்; வெளிநோயாளர் பிரிவின் வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். துண்டு தமிழில் இருந்தால், காத்திருக்கும் நேரத்தில் நோயாளியே நிரப்பிவிடுவார். அந்த வாங்கில் குந்தியிருந்து சுவரிலுள்ள டெங்குச் சுவரொட்டியை ஐந்தாம் முறை வாசிப்பதைவிட அது பயனுள்ள வேலை.

ஒரு பக்கமா, இரு பக்கமா என்ற கேள்வியை நான் வேண்டுமென்றே மேலே வைத்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் கணு பெருத்திருந்தால் அந்தக் கையையும் அந்த மார்பகத்தையும் தேட வேண்டும். இரு பக்கமும் பெருத்திருந்தால் உடல் முழுவதையும் பிடிக்கும் நோய்களை, மூட்டுவாதம், உடலின் நோயெதிர்ப்பு தன்னையே தாக்கும் லூப்பசு, எச்.ஐ.வி., நிணநீர்ப் புற்றுநோய் என்பவற்றை, நினைக்க வேண்டும் என்று எனக்கு விளக்கப்பட்டது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் இந்தப் பாகுபாட்டுக்கே இடமில்லாமல் போகிறது.

இனி ஸ்கானைப் பற்றி. அல்ட்ரா சவுண்ட் ஸ்கான்தான் இங்கே முதற்படி என்பதில் எந்த நிபுணருக்கும் மாறுபாடு இல்லை. கதிர்வீச்சு இல்லை, விலை குறைவு, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் செய்யலாம், பார்த்துக்கொண்டே ஊசியையும் செலுத்தலாம். ஆனால் வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் அதே ஸ்கான் தலைப்பை (உடம்பில் வைத்து நகர்த்தும் கருவியை) வைத்துக் கமக்கட்டைப் பார்த்தால் தெளிவு கிடைக்காது. மேலோட்டமான உறுப்புகளுக்கென உள்ள உயர் அதிர்வெண் தலைப்பு வேண்டும். நோயாளி கையைத் தலைக்குப் பின்னால் மடித்துப் படுக்க வேண்டும். என் முதல் ஸ்கானில் நான் கதிரையில் இருந்தபடி கையைச் சற்று அகற்றினேன், அவ்வளவுதான்.

திரையில் நல்ல கணு ஒரு சிறுநீரகத்தைப்போல, அல்லது அவரை விதையைப்போல இருக்கும். சுற்றிக் கருமையான மெல்லிய மேற்பட்டை. நடுவில் வெண்மையான கொழுப்பு. அந்த மேற்பட்டை 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தாலோ, நடுவிலுள்ள வெண்மை அழிந்திருந்தாலோ, நீள்வட்டம் மாறிக் கணு உருண்டையாகியிருந்தாலோ, இரத்தவோட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் அந்த ஓட்டம் வழக்கமான வாயிலால் போகாமல் ஓரங்களால் நுழைந்திருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். இதில் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது, கணுவின் மொத்தப் பருமனுக்கு அவ்வளவு மதிப்பில்லை என்பதுதான். நடுவெல்லாம் கொழுப்பு நிறைந்த இரண்டு, மூன்று சென்ரிமீற்றர்க் கணு முற்றிலும் சுகமானதாக இருக்கலாம். ஒரு சென்ரிமீற்றர்க் கணுவில் மேற்பட்டையின் ஒரு மூலை புடைத்திருப்பது கெட்ட செய்தியாக இருக்கலாம். “பெருத்த கணுக்கள் உள்ளன” என்ற வரி ஏன் எனக்கு உதவவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அறிக்கையில் மேற்பட்டையின் தடிப்பு மில்லிமீற்றரில் எழுதப்பட வேண்டும். நடுக்கொழுப்பு இருக்கிறதா இல்லையா என்று எழுதப்பட வேண்டும். மறுபக்கத்தையும் மார்பகத்தையும் பார்த்தாரா என்று எழுதப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து என்ன செய்வது என்று ஒரு முடிவு எழுதப்பட வேண்டும். ஒன்றும் வேண்டாம், இத்தனை வாரத்தில் மறுபடி பார்க்கவும், ஊசியால் இழையம் எடுக்கவும்: இவற்றில் ஒன்று. பொருத்திப் பார்க்கவும் என்பது முடிவு அல்ல; பொறுப்பை அடுத்தவர் மடியில் போடுவது.

அறிக்கை எழுதுபவர்களில் சிலர் இதைப் படித்து என்மேல் கோபப்படலாம். ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் ஆட்களின் தொகையை நான் அறிவேன். கேள்வி இல்லாத துண்டுகளை அவர்களுக்கு அனுப்புவதற்கு எதிராகவும்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

30 வயதைக் கடந்த பெண்ணுக்குக் காரணம் தெரியாத கமக்கட்டுக் கட்டி என்றால் ஸ்கானோடு மமோகிராமும் வேண்டும். கட்டிக்காக அன்று, கட்டியின் ஊற்று மார்பகத்தில் கைக்குத் தட்டுப்படாமல் கிடக்கலாம் என்பதற்காக. மமோகிராமில் கமக்கட்டின் கீழ்ப்பகுதி மட்டுமே விழும் என்பதால் அது ஸ்கானுக்கு மாற்றீடும் அன்று. மமோகிராமுக்குப் போகும் நாளில் கமக்கட்டில் பவுடரோ வாசனைத் திரவியமோ பூசக்கூடாது, அவற்றிலுள்ள உலோகத் துகள்கள் படத்தில் வெண்புள்ளிகளாக விழுந்து சுண்ணப் படிவுபோலக் குழப்பும் என்பதை எங்கள் பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் ஊரில் குளித்துப் பவுடர் பூசாமல் வெளியே இறங்கும் பெண் அரிது. ஆசுப்பத்திரிக்குப் போகும்போது இரண்டு மடங்கு பூசுவோம். என்னைப்போலச் சுண்ணாம்புப் பற்றோடு போகிறவர்களும் இருப்பார்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு உரிய இடம் குறுகியது, ஆனால் முக்கியமானது. கமக்கட்டுக் கணுவில் எடுத்த இழையத்தில் மார்பகப் புற்றுநோய்க் கலங்கள் இருக்கின்றன, மமோகிராமிலும் ஸ்கானிலும் மார்பகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்ற அரிய நிலையில், ஒளிந்திருக்கும் மூலத்தைத் தேடுவது எம்.ஆர்.ஐ.தான். சி.ரி. ஸ்கான், நிணநீர்ப் புற்றுநோய் போன்றவை நெஞ்சிலும் வயிற்றிலும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்க. முதற்படியிலேயே இவற்றுக்கு ஆட்களை அனுப்புவதால் வெளிநாட்டுக் காசு கரைவதைவிடப் பெரிய தீங்கு உண்டு: உண்மையில் தேவைப்படுபவரின் திகதி பின்னுக்குப் போகிறது.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுவே. படம் சந்தேகத்தைச் சொல்லும். நோயின் பெயரைச் சொல்லாது. காசநோயில் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் அழுகிக் காணப்படலாம் என்றும், நிணநீர்ப் புற்றுநோயில் அவை உருண்டு மிகக் கருமையாகத் தெரியலாம் என்றும் சொல்வார்கள்; ஆனால் ஒன்று மற்றதுபோல வேடம் போடுவது சாதாரணம். இழையம் எடுத்தே ஆக வேண்டும். மெல்லிய ஊசியால் கலங்களை மட்டும் உறிஞ்சினால் சில நோய்களுக்குப் போதும். நிணநீர்ப் புற்றுநோயை வகைப்படுத்தக் கணுவின் கட்டமைப்பே தெரிய வேண்டும் என்பதால் தடித்த ஊசியால் துண்டமாக எடுக்க வேண்டும், சிலவேளை கணுவை முழுதாகவே எடுக்க வேண்டும். இவ்வளவும் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் எடுத்த இழையம் எந்தப் போத்தலுக்குள் போகிறது என்பதில்தான் நோயாளி தோற்றுப்போகிறார். முழுவதையும் போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் அதிலுள்ள காசநோய்க் கிருமிகள் செத்துவிடும். பிறகு வளர்ப்புச் சோதனை செய்ய முடியாது, எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்று அறியும் வழியும் அடைபடும். ஒரு பகுதி போர்மலினிலும், இன்னொரு பகுதி கிருமி நீக்கிய உப்புநீரான சேலைனிலும் போக வேண்டும். எனக்கு அப்படித்தான் செய்தார்கள்: இரண்டு போத்தல், இரண்டு துண்டு. ஒரு போத்தல் தவறியிருந்தால் இரண்டாவது முறை ஊசி ஏற்றியிருக்க வேண்டும். காசநோய் இன்னும் நம்மிடையே உள்ள நாட்டில், இரண்டு போத்தல் என்பது நிபுணரின் ஞாபகத்தைப் பொறுத்த விடயமாக இருக்கக்கூடாது. அச்சிட்ட துண்டிலேயே இரண்டு பெட்டிகளாக இருக்க வேண்டும்.

கத்தியைப் பற்றியும் ஒரு சொல். சிவந்து, சுட்டு, நோகும் சீழ்க்கட்டியைக் கீறிவிடுவது சரியான சிகிச்சை. ஆனால் சூடும் நோவும் இல்லாமல் மெத்தென்று இருக்கும் கட்டியைச் சீழ் என்று எண்ணி வெட்டினால், அது காசநோயின் சீழாக இருந்தால், அந்த வாய் மாதக்கணக்கில் மூடாமல் கசிந்துகொண்டிருக்கும். நம் முன்னோர் கண்டமாலை என்று பெயரிட்டுக் கழுத்தில் கண்ட நோய் இதுவே; கழுத்திலும் ஆறாத புண்வாய்களை அக்காலத்தில் பார்த்திருப்பார்கள். கமக்கட்டில் அது கழுத்தைவிட அரிது என்பதாலேயே நினைவுக்கு வராமல் போகிறது. நோகாத கட்டியை ஸ்கான் பார்க்காமல் வெட்டுவதில்லை என்று ஒரு விதியை வையுங்கள்.

இவ்வளவும் நடக்க, ஆள் முதலில் வர வேண்டும். எங்கள் பெண்கள் கமக்கட்டைக் காட்டக் கூசுவார்கள். கலியாணம் பேசும் வயதில் ஒரு பிள்ளைக்குக் கட்டி என்றால் அந்தச் சொல்லே வீட்டைத் தாண்டக்கூடாது என்று தாய் அமத்துவார். அதனால்தான் சாதாரண நெறி என்று தெரிந்துகொள்ளும் நிம்மதியும் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நாட்டில் இயங்குகின்றன. அங்கே மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது. அந்தப் பரிசோதனையில் கமக்கட்டும் அடங்கும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுகளுக்கு வரும்போது சொல்லட்டும். ஸ்கான் அறையில் ஒரு மறைப்புத் திரையும், பெண் உதவியாளர் ஒருவரும், மேலே போர்த்த ஒரு துணியும் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். துணிக்கு நிதி ஒதுக்கீடு கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆண்களை மறக்கக்கூடாது. மார்பகப் புற்றுநோய் உடையோரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் ஆண்கள். கமக்கட்டில் கட்டி என்று ஒரு ஆண் வந்தால் மார்பகத்தையும் ஒருமுறை தடவிப் பார்ப்பதை நகைப்புக்கிடமாக எண்ணாதிருங்கள்.

மொழியைப் பற்றி நான் சொல்வது ஒரு ஆசிரியையின் பிடிவாதமாகத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் தமிழில் சொல்லப்பட்ட மண்ணில், “உங்கள் கணுவின் மேற்பட்டை ஐந்து மில்லிமீற்றர் தடித்திருக்கிறது, ஆகவே ஊசியால் இழையம் எடுக்க வேண்டும்” என்ற ஒரு வாக்கியம் நோயாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கப்படாதது எனக்கு விளங்கவில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும். அது வைத்தியர்களுக்கிடையிலான பேச்சு. அதன் அடியில் நோயாளிக்கென இரண்டு வரி தமிழில் இருக்கட்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? அறிக்கையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்புகிறோம். அங்கே இருக்கும் மருத்துவம் படிக்காத உறவினர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டு அழைக்கிறார்.

இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் பலருக்கு எழுதியதன் காரணம், நோயாளி உங்கள் நிருவாக எல்லைகளை அறியாமல் நடப்பதுதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ்; பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ்; தனியார் நிலையங்கள் எவர் கீழும் இல்லாததுபோல. ஒரு பெண் தனியார் நிலையத்தில் ஸ்கான் எடுத்து, போதனா வைத்தியசாலையில் ஊசியால் இழையம் கொடுத்து, தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறலாம். மூன்று இடத்திலும் அவளது கதை முதலிலிருந்து தொடங்குகிறது, கையிலுள்ள பெரிய கடித உறை மட்டுமே அவளோடு பயணிக்கிறது. நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸேறிப் பட்டணம் வருகிறவருக்கு ஸ்கான் ஒரு நாள், முடிவெடுக்க ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், போத்தல் தவறினால் இன்னொரு நாள் என்பது நான்கு நாட்கூலி. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்காவது சந்தேகமான கணுவுக்கு அன்றே ஊசி என்ற ஒழுங்கைச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இம்மடலோடு அந்த ஒரு பக்கத் துண்டின் மாதிரியை இணைத்திருக்கிறேன். கேள்விகள் 14, அடியில் இரண்டு போத்தலுக்கான இரண்டு பெட்டிகள். என்னைக் குணப்படுத்திய நிபுணரிடம் காட்டியபோது இரண்டு கேள்விகளை வெட்டி ஒன்றைச் சேர்த்தார். சேர்த்தது பூனை பற்றியது, நான் மறந்துவிட்டிருந்தேன். நீங்களும் வெட்டலாம், சேர்க்கலாம். சிங்களம் பேசும் நோயாளிகளும் வரும் இடங்களுக்கு மறுபக்கத்தில் சிங்களத்திலும் அச்சிட வேண்டும். அதை மொழிபெயர்த்துத் தர என் முன்னாள் மாணவி ஒருத்தி இசைந்திருக்கிறாள். எழுத்துப்பிழை பார்க்க நான் வருவேன். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் எனக்கு வசதி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வலிகாமம், யாழ்ப்பாணம்.